டேஸ்டிங் மெனுவா, பகிர்ந்துண்ணும் மேசையா, பஃபேயா? தாய்லாந்து ரிசார்ட்டில் ஓர் இரவுணவு

புக்கெட், சமூய் போன்ற தீவுகளில் உள்ள உயர்தர ரிசார்ட்டுகளில் இத்தாலிய உணவகம், கடலுணவு கிரில் ஆகியவற்றோடு தாய்லாந்து உணவகம் ஒன்றும் தனியாக இருப்பது வழக்கம். அங்கே இரவுணவுக்குச் செல்பவர் முன்னால் பெரும்பாலும் மூன்று வழிகள் இருக்கும்: தலைமைச் சமையற்கலைஞர் வரிசைப்படுத்தி, சிறு சிறு அளவில் சுற்றுச் சுற்றாக வரும் டேஸ்டிங் மெனு, நாமே தேர்ந்தெடுத்து நடுவில் வைத்துப் பகிர்ந்துகொள்ளும் அ லா கார்ட், வாரத்தில் ஓரிரு நாள் கடற்கரையோரம் விரிக்கப்படும் தாய்லாந்து பஃபே. விலையையும் அலங்காரத்தையும் வைத்துப் பார்த்தால் டேஸ்டிங் மெனுதான் முதலிடத்தில் நிற்கும். அந்த உணவு எப்படிச் சாப்பிடுவதற்காகச் சமைக்கப்படுகிறது என்பதை அளவுகோலாகக் கொண்டால் வரிசை மாறிவிடுகிறது.

தாய்லாந்துச் சாப்பாட்டில் சோறுதான் நடுநாயகம். குழம்பு, சூப், கலவை (சாலட்), துவையல், பொரியல் எல்லாம் ஒரே நேரத்தில் மேசைக்கு வரும். ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு கரண்டி எடுத்துச் சோற்றின் மேல் வைத்து, முள்கரண்டியால் கரண்டிக்குள் தள்ளிச் சாப்பிடுவார்கள். தேங்காய்ப்பால் கனத்த மசமான் குழம்பைத் தெளிந்த புளிப்புச் சூப் ஈடுகட்டும். உறைப்பான இறால் துவையலைப் பச்சை வெள்ளரியும் அவரையும் தணிக்கும். ஒரு பதார்த்தத்துக்கு உப்பும் காரமும் போடும்போதே பக்கத்தில் வேறு என்ன இருக்கும் என்ற கணக்கும் சேர்ந்துவிடுகிறது. அதே மசமானைச் சிறு கிண்ணத்தில் ஐந்தாவது சுற்றாகத் தனியே கொண்டுவந்து வைத்தால், இரண்டு வாய்க்குப் பிறகு திகட்டுவதற்குக் காரணம் இதுவே. அதில் சமையலின் குறை எதுவும் இல்லை.

ஆகவே நான்கு பேர் அல்லது அதற்கு மேற்பட்டோர் சேர்ந்து சென்றால் அ லா கார்ட்டே சிறந்தது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஒரு குழம்பு, ஒரு சூப், ஒரு கலவை, ஒரு மீன், ஒரு கீரை என்று எடுத்தால் மேசை நிறைவாகிவிடும். இரண்டு தேங்காய்ப்பால் குழம்புகளை ஒன்றாகச் சொல்வதைத் தவிர்ப்பது நல்லது. வெளிநாட்டு விருந்தினரின் பழக்கத்துக்கு இணங்க டாம் யம் சூப்பை முதலில் தனியே கொண்டுவரும் வழக்கம் ரிசார்ட்டுகளில் உண்டு. எல்லாவற்றையும் சேர்த்துக் கொண்டுவரும்படி ஆர்டர் கொடுக்கும்போதே சொல்லிவிட வேண்டும். காரமும் அவ்வாறே: கேட்காவிட்டால் குறைத்துத்தான் வரும்.

புக்கெட்டில் இந்த வழிக்கு இன்னொரு பலமும் உண்டு. 2015இல் யுனெஸ்கோ உணவுக்கலை நகரமாக அறிவித்த ஊர் அது. தீவின் சொந்தச் சமையலான மூ ஹாங் என்னும் பன்றியிறைச்சிப் புரட்டல், வெற்றிலை இனத்து இலை போட்டு மெல்லிய அரிசிச் சேமியாவுடன் தரும் மஞ்சள் நண்டுக் குழம்பு போன்றவை பட்டியலில் உள்ளனவா என்று முதலில் பாருங்கள். எல்லா ஊரிலும் கிடைக்கும் பாட் தாயும் கிரீன் கறியும் மட்டுமே இருந்தால், அந்தச் சமையலறை ஊரைப் பார்த்துச் சமைக்கவில்லை என்று பொருள். மசமான் போன்ற குழம்பு மேசைக்கு வந்ததும் அதன் மேற்பரப்பைக் கவனிக்கலாம். தேங்காய்ப்பாலின் கெட்டியான முதல் பாலைக் கொதிக்கவைத்து, எண்ணெய் பிரிந்த பின் அதிலேயே மசாலா விழுதை வதக்கியிருந்தால், ஓரங்களில் செம்மஞ்சள் எண்ணெய் முத்து முத்தாக மிதக்கும். எண்ணெயே பிரியாமல் ஒரே சீராக, பாயசம்போல் வழவழவென்றிருந்தால் அந்த வதக்கல் நடக்கவில்லை என்றே ஐயப்பட வேண்டும்.

டேஸ்டிங் மெனுவின் வலிமை வேறிடத்தில் இருக்கிறது. அரண்மனைச் சமையலிலிருந்து வந்த சிறு பண்டங்களைப் பொறுமையாகச் செய்து தருவதற்கு அந்த அமைப்புதான் தோது. சங்குப்பூச் சாற்றால் நீலமேறிய மாவுக்குள் பூரணம் வைத்து, சிறிய பித்தளை இடுக்கியால் இதழ் இதழாகக் கிள்ளிப் பூவாக்கும் சோர் முவாங்கை ஒரு சட்டி நிறையச் செய்து பரிமாற எந்தச் சமையலறைக்கும் கைவராது. ஆளுக்கு இரண்டு என்றால் முடியும். அன்னாசித் துண்டின் மேல் கரும்பொன் நிறத்தில் உருட்டி வைத்த இறைச்சிக் கலவையான மா ஹோவும், பாசிப்பருப்பைப் பழ வடிவில் பிடித்துப் பளபளப்பேற்றிய லுக் சுப்பும் இந்த வகையே. முதல் இரண்டு சுற்றுகளும் கடைசிச் சுற்றும் மகிழ்ச்சி தரும், இடையில் குழம்புகள் வரும்போது தொய்வு தட்டும் என்பதே பொதுவான நிலை. நல்ல சமையற்கலைஞர்கள் இதை உணர்ந்து, நடுவில் ஒரு சுற்றை மட்டும் சோற்றோடு பகிர்ந்துண்ணும் வரிசையாக அமைத்துவிடுகிறார்கள். முன்பதிவின்போதே இதைக் கேட்டறிந்துகொள்வது பயனுள்ளது. புக்கெட்டின் ட்ரிசாரா ரிசார்ட்டில் மிஷலின் உணவக வழிகாட்டியின் நட்சத்திரம் பெற்ற ப்ரூ உணவகம், உள்ளூர் விளைபொருளைக் கொண்டு தன் பாணியில் சமைக்கும் இடம். மரபான தாய்லாந்துச் சமையலை எதிர்பார்த்துச் செல்பவர்கள் இந்த வேறுபாட்டை அறிந்து செல்ல வேண்டும். இருவர் மட்டும் செல்லும்போது அ லா கார்ட்டில் மூன்று பதார்த்தங்களுக்கு மேல் தாங்காது என்பதால், அப்போது டேஸ்டிங் மெனுவே முந்துகிறது.

பஃபேயைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. சூடேற்றும் தட்டுகளில் காத்திருக்கும் குழம்பும் ஆவியில் வேகவைத்த மீனும் நேரம் ஆக ஆகக் கெடும். ஆனால் கண்ணெதிரே மண் உரலில் மர உலக்கையால் இடித்துத் தரும் சோம் தம் என்னும் பச்சைப் பப்பாளிக் கலவை, கரியில் வாட்டிய கோழி, அங்கேயே கிளறும் நூடுல்ஸ் ஆகியவற்றை மட்டும், கையால் பிய்த்துண்ணும் ஒட்டரிசிச் சோற்றோடு எடுத்துக்கொண்டால் பஃபேயும் ஏமாற்றாது. குழந்தைகளோடு செல்பவர்களுக்கு இதுவே வசதி.

சைவர்களுக்கு ஒப்பீடு சற்றுக் கடுமையானது. மீன் சாஸைக் கடைசி நேரத்தில் தவிர்த்துவிடலாம். மசாலா விழுதோடு இடித்துச் சேர்க்கும் இறால் விழுதைத் தவிர்க்க முடியாது. விழுதைத் தாமே இடிக்கும் சமையலறை, முதல் நாளே சொன்னால் தனியாகச் செய்து தரும். அ லா கார்ட்டிலும் டேஸ்டிங் மெனுவிலும் இதைக் கேட்க இடமுண்டு, பஃபேயில் இல்லை. ‘ஜே’ (தாய்லாந்தின் கடும் சைவ முறை) என்று கேட்டால் மீன், முட்டை, பால் ஆகியவற்றோடு பூண்டும் வெங்காயமும் நீங்கிவிடும் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

விலைகளை ஒப்பிடும்போது சேவைக் கட்டணமும் வரியும் தனி என்பதைக் காட்ட எண்ணுக்குப் பின்னால் இருக்கும் இரண்டு கூட்டல் குறிகளை (++) பார்க்கத் தவறக் கூடாது. 1,000 பாட் என்பது 10 சதவீத சேவைக் கட்டணத்தோடு 1,100 ஆகி, அதன்மேல் 7 சதவீத வாட் வரி ஏறி 1,177 ஆகிறது. அறை வாடகையில் இரவுணவும் அடங்கியிருந்தால், அந்தத் தொகையை அ லா கார்ட் பில்லில் கழித்துக்கொள்ளப் பல ரிசார்ட்டுகள் அனுமதிக்கின்றன. வரவேற்பறையில் கேட்காதவர்கள் பஃபேயிலேயே நின்றுவிடுகிறார்கள்.

கடலோர மேசையா, உள்ளறையா என்பது மாதத்தைப் பொறுத்தது. புக்கெட்டில் மே முதல் அக்டோபர் வரையும், சமூயில் அக்டோபர் முதல் டிசம்பர் வரையும் மழை. மழையில்லாத நாளிலும் கடற்காற்று சோற்றைச் சீக்கிரம் ஆறவைத்துவிடும். ஏப்ரலில் செல்பவர்கள், மல்லிகை மணமேற்றிய குளிர்நீரில் சோறு மிதக்கும் காவ் சே பட்டியலில் இருக்கிறதா என்று விசாரிக்கலாம். வெயில் காலத்துக்கு மட்டுமே உரியது என்பதால் அச்சிட்ட மெனுவில் பெரும்பாலும் இராது.