சாஃப்ட்வேர் சர்வர் போடப் போகிறவர்கள் பணம் கொடுப்பதற்கு முன் இதைப் படியுங்கள்

கன்னியாகுமரி மாவட்டத்தில் கொள்முதல் நிலையம், முந்திரி ஆலை, சீட்டு கம்பெனி, சின்ன ஆஸ்பத்திரி என்று எதையாவது நடத்துகிறவர்கள், அலுவலகத்திலேயே சர்வர் வைத்து வெப் அப்ளிகேஷன் போட்டுத் தர ஆள் தேடிக்கொண்டிருந்தால் இது உங்களுக்குத்தான். நாகர்கோவிலிலிருந்து வந்து எங்களுக்கு அந்த வேலையைச் செய்தவர் பேசிய பணத்தை முழுசாக வாங்கிக்கொண்டு போனார். ஆனால் நாங்கள் பதிவு செய்த கணக்கு ஒரு நாள்கூட ஹார்ட் டிஸ்க்கில் எழுதப்படவே இல்லை. எல்லாம் போன பிறகுதான் அது எங்களுக்குத் தெரிந்தது.

குலசேகரம் பக்கம் சிறு ரப்பர் விவசாயிகளிடம் ஷீட், தானாக உறைந்த ஒட்டுப்பால், ரப்பர் பால் மூன்றும் வாங்குகிற நிலையம் எங்களுடையது. கணக்கு என் பொறுப்பு. ரப்பர் கணக்கு மளிகைக்கடைக் கணக்கு மாதிரி எளிதில் முடியாது. பால் கொண்டுவந்தால் லிட்டருக்குப் பணம் கிடையாது. அதில் உலர் ரப்பர் எவ்வளவு என்று டிஆர்சி பார்த்துத்தான் பணம். ஷீட் என்றால் தரத்துக்குத் தரம், ஆர்எஸ்எஸ் 4க்கு ஒரு விலை, 5க்கு ஒரு விலை, அதுவும் நாளுக்கு நாள் மாறும். மழையில் பால்வெட்டு நின்றுபோகும்போது முன்பணம் வாங்குவார்கள், அதைப் பிறகு வருகிற சரக்கில் கழித்துக்கொண்டே வர வேண்டும். இத்தனையையும் நோட்டில் வைத்துச் சமாளிக்க முடியாமல்தான் சாஃப்ட்வேருக்குப் போனோம்.

அவர் கொடுத்த கொட்டேஷனில் மூன்று இனம் தெளிவாக எழுதியிருந்தது. அப்ளிகேஷன் சர்வருக்கு 'ஜேபாஸ் என்டர்பிரைஸ் லைசென்ஸ்', கணக்கைச் சேமிக்க போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ், தினமும் இரவு தானாக பேக்கப். மூன்றுக்கும் தனித்தனியாகப் பணம். சாஃப்ட்வேர் எழுதிய கூலி அதற்கு மேல்.

சில மாதம் பிரச்சினை இல்லாமல் ஓடியது. கரண்ட் அடிக்கடி போகிற ஊர் என்பதால் யூபிஎஸ்ஸும் இன்வெர்ட்டரும் வைத்திருந்தோம், அதனால் மெஷின் அணையவே இல்லை. அப்புறம் துணை மின்நிலையத்தில் மாதாந்திரப் பராமரிப்பு என்று காலையிலிருந்து கரண்ட்டை நிறுத்தினார்கள். சொன்ன நேரத்துக்கு வரவில்லை. பேட்டரி தீர்ந்து மெஷின் அணைந்தது. மாலையில் போட்டோம். லாகின் பக்கம் வந்தது, பாஸ்வேர்டும் எடுத்தது. உள்ளே ஒரு விவசாயி பெயர்கூட இல்லை. கொள்முதல் இல்லை, முன்பணம் இல்லை, பாக்கி இல்லை. சாஃப்ட்வேர் போட்ட முதல் நாளில் எப்படி இருந்ததோ அப்படியே இருந்தது.

போன் செய்தால் முதலில் "வைரஸா இருக்கும் சார்" என்றார். அன்று இரவே பேச்சு மாறியது. "கரண்ட் போனா டேட்டா போகத்தான் செய்யும் சார், நீங்க சரியா ஷட்டவுன் பண்ணல" என்றார். பேக்கப் எங்கே என்று கேட்டதற்கு, அதிலும் கோளாறு இருக்கிறது, ரெக்கவரி செய்து தருகிறேன், 35,000 ஆகும் என்றார். நாங்கள் ஒரு ரூபாய் கொடுக்கவில்லை.

என் அக்கா மகள் திருவனந்தபுரம் டெக்னோபார்க்கில் ஜாவா வேலை பார்க்கிறாள். ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லி மெஷினைத் திறந்து காட்டினேன். அவள் கண்டுபிடித்ததைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். கம்ப்யூட்டர் தெரியாதவர்களும் தங்கள் இடத்தில் பார்த்துக்கொள்ளலாம்.

ஜாவாவில் எழுதுகிற இந்த மாதிரி அப்ளிகேஷன் 'வார்' என்கிற ஒரே ஃபைலாக வரும். அதை அப்ளிகேஷன் சர்வரின் டெப்ளாய்மென்ட்ஸ் ஃபோல்டரில் போட்டால் சர்வர் அதை எடுத்து ஓட்டும். கணக்கை எந்த டேட்டாபேஸில் எழுதுவது என்பதை சர்வரில் 'டேட்டா சோர்ஸ்' என்று தனியாக அமைக்க வேண்டும். எங்கள் மெஷினில் இருந்தது வைல்டுஃபிளை என்கிற அப்ளிகேஷன் சர்வர். அதை டவுன்லோடு செய்யும்போதே, பழகிப் பார்ப்பதற்காக 'எக்ஸாம்பிள்டிஎஸ்' என்று ஒரு மாதிரி டேட்டா சோர்ஸ் கூடவே வரும். அது எச்2 என்கிற சின்ன டேட்டாபேஸை, ஹார்ட் டிஸ்க்கில் எழுதாமல், மெமரியில் மட்டும் ஓட்டும். சர்வர் நிற்கிற நொடியில் அதிலிருப்பது மொத்தமும் அழியும். அது கோளாறு கிடையாது, சோதனைக்கு என்றே அப்படி வைத்திருக்கிறார்கள். உண்மையான வேலைக்கு, சர்வரைப் போஸ்ட்கிரெஸ்ஸோடு பேச வைக்கிற டிரைவரைச் சேர்த்து, வேறு டேட்டா சோர்ஸ் அமைத்து, அப்ளிகேஷனை அதோடு இணைக்க வேண்டும்.

அவள் கான்ஃபிகரேஷன் ஃபோல்டரில் 'ஸ்டாண்ட்அலோன்.எக்ஸ்எம்எல்' ஃபைலைத் திறந்து ஒரு வரியைக் காட்டினாள். 'ஜேடிபிசி:எச்2:மெம்:டெஸ்ட்' என்று இருந்தது. மொத்த ஃபைலிலும் வேறு டேட்டா சோர்ஸே இல்லை. எங்கள் அப்ளிகேஷன் அத்தனை மாதமும் இந்த மெமரி டேட்டாபேஸில்தான் ஓடியிருக்கிறது. போஸ்ட்கிரெஸ்ஸும் அதே மெஷினில் ஓடிக்கொண்டுதான் இருந்தது. திறந்து பார்த்தால் அதற்குள் ஒரு டேபிள்கூடக் கிடையாது.

தெரியாமல் செய்திருப்பார் என்று சொல்ல வழியில்லை. சர்வர் தன்னில் நடப்பதையெல்லாம் ஒவ்வொரு நாளுக்கும் தேதி போட்டு லாக் ஃபைலில் எழுதி வைத்திருக்கும். அவர் நிறுவிய நாளின் லாக் அப்படியே இருந்தது. மதியம் அப்ளிகேஷனைப் போஸ்ட்கிரெஸ் டேட்டா சோர்ஸோடு ஏற்றப் பார்த்திருக்கிறார். தேவையான சர்வீஸ் நிறுவப்படவில்லை என்ற பிழை திரும்பத் திரும்ப வந்திருக்கிறது. டிரைவர் சரியாகச் சேரவில்லை. சாயங்காலம் எக்ஸாம்பிள்டிஎஸ்ஸைக் காட்டி வேறு வார் ஃபைலைப் போட்டிருக்கிறார், அது ஏறிவிட்டது. அன்றைக்கே எங்களிடம் கையெழுத்தும் வாங்கி, கடைசித் தவணை செக்கும் வாங்கிப் போனார். இன்னும் ஒரு நாள் இருந்து டிரைவரைச் சரிசெய்திருந்தால் முடிந்திருக்கும் வேலை. எனக்கு ஆத்திரம் தீராதது இந்த இடத்தில்தான்.

பேக்கப் விஷயம் இதைவிட மோசம். ராத்திரி பேக்கப் உண்மையிலேயே ஓடியிருக்கிறது. ஃபோல்டர் நிறைய ஃபைல், தேதி வரிசையாக. ஒவ்வொன்றின் எதிரிலும் அளவு 1 கேபி, 1 கேபி, 1 கேபி. காலியான போஸ்ட்கிரெஸ்ஸைத் தினமும் தவறாமல் பேக்கப் எடுத்திருக்கிறது! கணக்கு வளர வளர பேக்கப் ஃபைலும் பெரிதாக வேண்டும். எல்லா ஃபைலும் ஒரே அளவில் இருந்தால் உள்ளே ஒன்றும் இல்லை என்று சந்தேகப்படுங்கள்.

லைசென்ஸ் பணமும் ஏமாற்று. ஜேபாஸ் அப்ளிகேஷன் சர்வர் என்று முன்பு இருந்த இலவச ஓப்பன் சோர்ஸ் சர்வருக்குத்தான் 2014இல் வந்த 8ஆம் பதிப்பிலிருந்து வைல்டுஃபிளை என்று பெயர். ரெட் ஹேட் நிறுவனம் சந்தாவுக்குக் கொடுப்பது ஜேபாஸ் இஏபி, அது வேறு. சந்தா வாங்கியிருந்தால் ரெட் ஹேட் தளத்தில் உங்கள் பெயரில் கணக்கு இருக்கும். எது ஓடுகிறது என்று அறிய லாக்கின் தொடக்க வரிகளைப் பார்த்தால் போதும், பெயரும் பதிப்பும் அங்கேயே இருக்கும். எங்களுடையதில் வைல்டுஃபிளை 26 என்று இருந்தது. யார் வேண்டுமானாலும் காசில்லாமல் இறக்கிக்கொள்ளக்கூடிய ஒன்றுக்கு லைசென்ஸ் என்று பில் போட்டிருக்கிறார். நிறுவிய கூலி என்று கேட்டிருந்தால் கொடுத்திருப்போம்.

இன்னொன்று. சர்வரை நிர்வகிக்கிற பக்கம் 9990 போர்ட்டில் வரும். வைல்டுஃபிளையில் அது இயல்பாக அந்த மெஷினுக்குள் மட்டுமே திறக்கும். அவர் வீட்டிலிருந்தே நுழைவதற்காக அதை வெளியே திறந்து, ரவுட்டரிலும் வழி விட்டிருந்தார். போதாததற்கு, தூரத்திலிருந்தே மெஷினை இயக்குகிற எனிடெஸ்க்கில், இங்கே யாரும் அனுமதி கொடுக்காமலே நுழைகிற பாஸ்வேர்டு. அட்மின் பாஸ்வேர்டைக் கேட்டால், அது கம்பெனி ரகசியம் என்று சொல்லியே வந்தார். மெஷின் உங்களுடையது, உங்கள் கையில் இருக்கிறது என்றால் அவரைக் கெஞ்ச வேண்டியதில்லை. சர்வரின் 'பின்' (bin) ஃபோல்டரில் 'ஆட்-யூசர்' (add-user) என்று ஒரு ஸ்கிரிப்ட் இருக்கிறது, அதை ஓட்டிப் புதிய அட்மினை நீங்களே சேர்க்கலாம். நாங்கள் அப்படிச் சேர்த்து, அவர் பெயரை நீக்கி, ரவுட்டர் வழியையும் அடைத்தோம்.

கணக்கு போன செய்தி பரவியதும் ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். வயதான ஒரு அம்மா, மழைக்கு முன்னால் போட்ட ஷீட்டுக்குப் பணம் பாக்கி அவருக்கு. எடைச்சீட்டுகளை ஒரு பிளாஸ்டிக் கவரில் மடித்து வைத்திருந்தார். "மக்களே, இது இருந்தா போதுமா, என் பைசா வருமா?" என்று கேட்டார். நல்லவேளையாக எடைச்சீட்டை கார்பன் வைத்து எழுதும் பழக்கத்தை நாங்கள் விடவில்லை. எங்கள் நகலையும் அவர்கள் சீட்டையும் ஒத்துப் பார்த்துத்தான் கொள்முதல் கணக்கை மீட்டோம். முன்பணத்துக்கு அப்படி இரண்டு பிரதி கிடையாது. அதில் சிலரோடு மனக்கசப்பு வந்தது, இன்னும் தீரவில்லை. ஜிஎஸ்டி சட்டப்படி கணக்கை ஆண்டு ரிட்டர்ன் தாக்கல் செய்ய வேண்டிய கடைசி நாளிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும். 'சாஃப்ட்வேர்காரர் அழித்துவிட்டார்' என்று அதிகாரியிடம் போய்ச் சொல்ல முடியுமா?

தக்கலையில் ஒரு வழக்கறிஞரைப் பார்த்தோம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் வணிக நோக்கத்துக்காக வாங்கிய சேவைக்கு விலக்கு இருப்பதால், நுகர்வோர் ஆணையத்துக்குப் போனால் எதிர்த்தரப்பு அதைத்தான் முதலில் பிடிக்கும் என்றார். ஒப்பந்த மீறலுக்கு சிவில் வழக்குப் போட மூன்று வருடம் காலக்கெடு இருக்கிறது. கொட்டேஷன், பில், லாக் ஃபைல் நகல் மூன்றையும் இணைத்து நோட்டீஸ் அனுப்பியிருக்கிறோம். பதில் வந்தது, அதிலும் எங்கள் ஊழியர் மெஷினை முறையாக அணைக்கவில்லை என்றே எழுதியிருக்கிறார். லாக் பற்றி ஒரு வார்த்தை இல்லை. வழக்கு நடக்கப்போகிறது என்பதால் பெயரை இங்கே போடவில்லை.

சோர்ஸ் கோடும் எங்களிடம் இல்லை. வெளியாளிடம் எழுதி வாங்குகிற சாஃப்ட்வேரின் பதிப்புரிமை, எழுத்தில் மாற்றித் தராதவரை பெரும்பாலும் எழுதியவருக்கே போகும், காசு கொடுத்தோம் என்பதால் மட்டும் நமக்கு வராது. ஒப்பந்தத்தில் அந்த ஒரு வரியை எழுதி வாங்குங்கள், சோர்ஸ் கோடு நகலையும் கையில் வாங்குங்கள்.

புதிதாகப் போடுகிறவர்கள் கடைசித் தவணை கொடுப்பதற்கு முன் அவர் கண் முன்னாலேயே நாலைந்து பில்லைப் போட்டு, சர்வரை நிறுத்தி, மெஷினையும் அணைத்துத் திரும்பப் போடச் சொல்லுங்கள். பில் இருந்தால் அடுத்தது பேக்கப். ராத்திரி பேக்கப்பை வேறொரு கம்ப்யூட்டரில் ஏற்றி, அதே பில்லை அங்கே காட்டச் சொல்லுங்கள். நல்ல வேலைக்காரர் யாரும் இதற்கு முகம் சுளிக்க மாட்டார். அதன் பிறகு செக் எழுதினால் போதும்.

ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிற இடத்தில் இந்தச் சோதனையை நேராகச் செய்துவிடாதீர்கள். எங்களைப் போல உங்கள் கணக்கும் மெமரியில் மட்டும் இருந்தால், அணைத்ததும் போய்விடும். முதலில் அப்ளிகேஷனிலிருந்தே எடுக்க முடிகிற அறிக்கைகளையெல்லாம், ஆள் வாரியாகப் பாக்கி, முன்பணம், இருப்பு என்று எக்செல்லாக இறக்கி பென் டிரைவில் வையுங்கள். அப்புறம் அந்த எக்ஸ்எம்எல் ஃபைலை (standalone.xml) நோட்பேடில் திறந்து 'எச்2:மெம்' (h2:mem) இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால், உங்கள் அப்ளிகேஷன் அதோடுதான் இணைந்திருக்கிறதா என்று விவரம் தெரிந்த வேறு ஒருவர் வந்து பார்க்கிறவரை மெஷினை அணைக்காதீர்கள், யூபிஎஸ்ஸிலிருந்து கழற்றாதீர்கள்.