நாவைப் பற்றிய 31 வசன அட்டைகள்: ஒரு மாதம் வைத்திருந்து பார்த்த பின்

டிசம்பர் 31 இரவு ஆராதனையில், வரும் ஆண்டுக்கான கடவுளின் வாக்குறுதியாக வாக்குத்தத்த வசனம் எடுக்கும் கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு வேதாகம வசன அட்டைகள் புதியவை அல்ல. நான் வாங்கிய பெட்டியில் நாளுக்கு ஒன்றாக 31 அட்டைகளும், நாமே எழுதிக்கொள்ள இரண்டு வெற்று அட்டைகளும் உள்ளன. வசனங்கள் எல்லாமே பேச்சைப் பற்றியவை. வேதாகமத்தின் நீதிமொழிகள் புத்தகத்துக்கும் 31 அதிகாரங்கள் என்பதால் அந்தக் கணக்கு போலும். விலை 150 ரூபாய். எழுத்து பெரிதாக இருப்பதால் அம்மா கண்ணாடி இல்லாமலே வாசிக்கிறார். மூடி மட்டும் இரண்டே வாரத்தில் தளர்ந்துவிட்டது. இப்போது ரப்பர் பேண்டு போட்டு வைத்திருக்கிறோம்.

வசனங்கள் பழைய மொழிபெயர்ப்பில் இருக்கின்றன. மூன்றாம் நாள் குடும்ப ஜெபத்தில் என் மகள் எடுத்த அட்டையில், "மெதுவான பிரதியுத்தரம் உக்கிரத்தை மாற்றும்" என்று இருந்தது. பிரதியுத்தரம் என்றால் என்ன என்று கேட்டாள், பதில் என்றேன். "அப்போ, சாயந்திரம் கேஸ் சிலிண்டர் கொண்டுவந்த அண்ணாகிட்ட நீங்க பேசுன மாதிரி இல்லாம பேசுறதாப்பா?" என்றாள். அதற்கு மேல் அன்றைய ஜெபத்தை நீட்ட எனக்கு வாய் வரவில்லை. 1995இல் வெளிவந்த திருவிவிலியம் என்ற மொழிபெயர்ப்பில் இதே இடத்தில் 'மறுமொழி' என்ற எளிய சொல் இருக்கிறது. அட்டையின் ஓரத்தில் அதையும் அச்சிட்டிருக்கலாம்.

என் பெரிய குறை வசனத் தேர்வில்தான். "மரணமும் ஜீவனும் நாவின் அதிகாரத்திலிருக்கும்" என்ற நீதிமொழிகள் 18:21ஐப் பாதியோடு நிறுத்தி, அதன் கீழே சிவப்பு மையில் "இன்று ஆசீர்வாதத்தை அறிக்கையிடு" என்று சேர்த்திருக்கிறார்கள். வாயால் சொன்னால் வந்து சேரும் என்ற இந்தத் தொனி பெட்டியில் ஏறக்குறைய பாதி அட்டைகளில் உண்டு. ஆனால் அந்த 18ஆம் அதிகாரத்தை முழுவதும் வாசித்தால், 8ஆம் வசனம் கோள் சொல்பவனைப் பற்றியும், 13ஆம் வசனம் காரியத்தைக் கேட்குமுன் பதில் சொல்பவனைப் பற்றியும், 17ஆம் வசனம் ஒரு தரப்பை மட்டும் கேட்டுத் தீர்மானிப்பதைப் பற்றியும் பேசுவதைக் காணலாம். இவற்றையெல்லாம் சொல்லிய பிறகே மரணமும் ஜீவனும் வருகின்றன. என் நாவின் அதிகாரத்தில் முதலில் அகப்படுவது என் எதிர்காலம் அல்ல, என் எதிரே நிற்கிறவர் என்றே நான் இதை வாசிக்கிறேன்.

புதிய ஏற்பாட்டில் உள்ள யாக்கோபின் நிருபம் (கடிதம்) 3ஆம் அதிகாரத்திலிருந்தும் ஒரே ஓர் அட்டைதான் இருக்கிறது: பெரிய கப்பலைத் திருப்பும் சிறிய சுக்கான். காட்டைக் கொளுத்தும் நெருப்பைக் காணோம். கடவுளைத் துதிக்கும் அதே நாவினால் அவருடைய சாயலாக உண்டாக்கப்பட்ட மனுஷரைச் சபிக்கிறோமே என்று யாக்கோபு கேட்கும் 9ஆம், 10ஆம் வசனங்களும் இல்லை. சபைக் கமிட்டித் தேர்தல் சமயத்தில், காலையில் கீர்த்தனை பாடிவிட்டு வாசலிலேயே நின்று எதிரணியாரின் குடும்பக் கதை வரை பேசும் நமக்கு (அந்தக் கூட்டத்தில் நானும் நின்றிருக்கிறேன்) இவைதான் முதலில் வேண்டியவை.

இவ்வளவு குறை சொன்னாலும், பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு இதை வாங்கலாம் என்றே சொல்வேன். எங்கள் வீட்டில் அட்டை எடுப்பதற்காகவே ஜெபத்துக்கு ஓடி வருகிறார்கள். வெற்று அட்டைகளில் யாக்கோபு 3:10ஐ நான் எழுதினேன், நீதிமொழிகள் 18:13ஐ மகள் எழுதினாள். அவள் எழுதியது பெட்டிக்குள் போகவில்லை. என் கைபேசி சார்ஜ் ஏறும் இடத்தில் சாய்த்து வைத்திருக்கிறாள்.