கொலு பொம்மை எங்கே வாங்கலாம்: பூம்புகாரா, மாடவீதியா, விளாச்சேரியா, ஆன்லைனா?

தீபாவளிக்கு ஊரே கடையாக மாறிவிடும். கொலு அப்படியில்லை. வைக்கிற வீடுகள் கொஞ்சம்தான், விற்பவர்களும் கொஞ்சம்தான். சில வாரங்களில் வியாபாரம் முடிந்துவிடும். வருடத்துக்கு ஒரு புதுப் பொம்மையாவது படியேற வேண்டும் என்பது பல வீடுகளில் வழக்கம். அந்த ஒன்று இருபது, முப்பது வருடம் பெட்டிக்குள் கிடந்து வருடா வருடம் வெளியே வரப்போவது. அதனால் யோசித்து வாங்குவது நல்லது.

முதல்முறை கொலு வைப்பவர்களுக்கு நான் பூம்புகாரைத்தான் சொல்வேன். தமிழ்நாடு கைத்திறத் தொழில்கள் வளர்ச்சிக் கழகம் 1973-இல் தொடங்கியது. அதன் கடைகள்தான் இவை. நவராத்திரிக்கு முன் சென்னை அண்ணா சாலைக் கடையில் கொலு கண்காட்சி நடக்கும். மண் பொம்மை, காகிதக்கூழ் பொம்மை, தஞ்சாவூர் தலையாட்டி, ஆந்திராவின் கொண்டபள்ளி மர பொம்மை என்று எல்லாம் ஒரே கூரையின்கீழ் கிடைப்பதால் ஒப்பிட்டுப் பார்க்கலாம். விலையை ஒட்டியிருப்பார்கள், பேரம் பேசத் தெரியாதவர்களுக்கு நிம்மதி. ஆனால் செட்டில் ஒரு பொம்மை உடைந்துவிட்டது, அதை மட்டும் கொடுங்கள் என்றால் அங்கே கிடைப்பது கஷ்டம்.

அதற்கு மயிலாப்பூர் வடக்கு மாடவீதிதான். தெருவோரம் வரிசையாகப் பரப்பியிருப்பார்கள். பழைய பொம்மையைக் கையோடு கொண்டுபோய் உயரம் ஒத்துப்பார்த்து வாங்கலாம். செட்டியார் தம்பதி, கல்யாண செட், கிரிக்கெட் செட் என்று எதைக் கேட்டாலும் எங்கிருந்தாவது எடுத்து வருவார்கள். பேரம் உண்டு, நெரிசலும் உண்டு. கவனிக்க வேண்டியது ஒன்றுதான்: மண் பொம்மை என்று சொல்லிப் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸைத் தருகிறவர்களும் இருக்கிறார்கள். பொம்மையைக் கவிழ்த்து அடிப்பக்கத்தைப் பாருங்கள். சுட்ட மண் என்றால் வண்ணம் படாத இடம் செங்கல் நிறத்தில் இருக்கும். பிளாஸ்டர் வெள்ளையாக இருக்கும். கையில் எடுத்ததுமே லேசாகத் தெரிந்தால் காகிதக்கூழ். பரண் ஏற்றி இறக்க அதுதான் சுலபம், ஆனால் ஈரமும் கரையானும் அதற்கு ஆகாது.

செய்கிறவர்களிடமே போய் வாங்கும் வழி எனக்கு ரொம்பப் பிடித்தது. மதுரை திருப்பரங்குன்றத்துக்குப் பக்கத்தில் விளாச்சேரி, காஞ்சிபுரத்தில் பொம்மைக்காரத் தெரு. விளாச்சேரியில் விநாயகர் சதுர்த்தி, கொலு, அப்புறம் கிறிஸ்துமஸ் குடில் என்று பருவத்துக்கு ஏற்ற வேலை நடக்கும். அச்சில் மண்ணை அழுத்தி எடுத்து, காயவைத்து, சூளையில் சுட்டு, வண்ணம் பூசுவதை நேரில் பார்க்கும்போது விலையைக் குறைத்துக் கேட்க வாய் வராது. நடுவில் ஆள் இல்லாததால் கொடுக்கிற பணம் மண் பிசைந்த கைக்கே போகிறது. காஞ்சிபுரத்தில் கோயில் சார்ந்த பொம்மைகள் விசேஷம். 2019-இல் அத்திவரதர் 48 நாள் தரிசனம் தந்தாரே, அந்த வருடக் கொலுவில் பல வீடுகளில் அவர் இருந்தார். என்ன, மெனக்கெட்டுப் பயணம் போக வேண்டும். நல்லபடியாகக் கட்டிக் கொண்டுவரும் பொறுப்பும் நம்முடையது. வைக்கோலும் பழைய வேட்டியும் எடுத்துப் போங்கள்.

ஆன்லைனில் ஒரு தடவை மண் பொம்மை வாங்கினேன். பெட்டியைத் திறந்தால் தாயாரின் அபய கரம் தனியாகக் கிடந்தது. பணம் திரும்ப வந்துவிட்டது, ஆனாலும் அவளைக் குப்பையில் போட மனம் வரவில்லை. ஃபெவிகால் வைத்து ஒட்டி இன்னும் வைத்திருக்கிறேன். வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு வேறு வழி குறைவு என்பது புரிகிறது. அவர்கள் கர்நாடகாவின் சென்னபட்டணா மர பொம்மை, மரப்பாச்சி மாதிரி உடையாததை ஆன்லைனில் வாங்கலாம். மண்ணை மட்டும் ஊருக்கு வரும்போது பார்த்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வீட்டுத் தசாவதார செட்டில் இரண்டு வருடமாக வாமனர் இல்லை. இந்தத் தடவை பரசுராமரைத் துணியில் சுற்றி மஞ்சப்பையில் போட்டுக்கொண்டு முதலில் மாடவீதிக்குப் போகிறேன். அங்கே ஜோடி சேரவில்லை என்றால் விளாச்சேரிக்கு ரயில் ஏற வேண்டியதுதான்.