சவுண்ட் வரவில்லை என்று சிபியூவைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போகும் முன்... நெல்லை, பாளை மக்கள் கவனத்துக்கு

வீட்டில் டெஸ்க்டாப் வைத்திருப்பவர்கள், அதிலும் அதை நம்பியே பிழைப்பு நடத்துகிறவர்கள், இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். கம்ப்யூட்டரில் சவுண்ட் வரவில்லை என்ற சின்னக் கோளாறுக்கு என்னிடம் 3,450 ரூபாய் வாங்கினார்கள். பணம் போனதைக்கூட விட்டுவிடலாம். நல்லபடியாக இருந்த ஒன்றைக் கையால் அணைத்து வைத்துவிட்டு, "இது செத்துப்போச்சு" என்று என்னிடமே காட்டினார்களே, அதுதான் இன்னும் ஆறவில்லை.

கூட்டம், பேட்டி, கருத்தரங்கு என்று அனுப்புகிற ஒலிப்பதிவுகளைக் கேட்டுத் தமிழில் டைப் அடித்துக் கொடுப்பது என் வேலை. "செல்போனில் கேட்டுக்கொண்டே அடிக்கலாமே" என்று சொல்பவர்கள் ஒரு மணி நேரம் செய்து பார்க்கட்டும். ஒரு வாக்கியத்துக்கு நாலு தடவை நிறுத்தி, பின்னால் ஓட்டி, மறுபடி கேட்க வேண்டியிருக்கும். கம்ப்யூட்டரில் சத்தம் இல்லையென்றால் எனக்கு வேலையே இல்லை.

மழைக்காலத்தில் ஒரு நாள் அப்டேட் ஓடிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனது. யூபிஎஸ் பேட்டரி பழசு, தாங்கவில்லை. கரண்ட் வந்து சிஸ்டம் எழுந்தபோது கீழே ஸ்பீக்கர் படத்தின் மேல் சிவப்பாக ஒரு பெருக்கல் குறி. எது கெட்டாலும் முதலில் போனில் ஒரு படம் எடுத்து வைப்பது என் பழக்கம். கம்ப்யூட்டரில் இருக்கும் சாதனங்களைப் பட்டியலிட்டுக் காட்டும் டிவைஸ் மேனேஜரைத் திறந்தேன். 'சவுண்ட், வீடியோ அண்ட் கேம் கன்ட்ரோலர்ஸ்' என்ற வரிக்குக் கீழே 'ரியல்டெக் ஹை டெஃபனிஷன் ஆடியோ' இருந்தது, பக்கத்தில் மஞ்சள் முக்கோணத்துக்குள் ஆச்சரியக்குறி. டபுள் கிளிக் செய்தால் 'திஸ் டிவைஸ் கெனாட் ஸ்டார்ட், கோட் 10' என்று, அதாவது இந்தச் சாதனம் இயங்கவில்லை என்று வந்தது. அதையும் படம் எடுத்துக்கொண்டேன். மறுநாள் கொடுக்க வேண்டிய வேலை ஒன்று தலைமேல் நின்றதால் சிபியூவை ஆட்டோவில் வைத்து, பாளையிலிருந்து ஜங்ஷன் போகிற வழியில் இருக்கும் ஒரு கடைக்குப் போனேன்.

பையன் சிபியூவை உள்ளே கொண்டுபோனான். கொஞ்ச நேரம் கழித்து ஓனரே வந்தார்.

"அக்கா, போர்டுலயே சவுண்ட் ஐசி போயிட்டு. ஈரம் ஏறியிருக்கு. வெள்ளம் வந்துச்சுல்லா, அதுக்கப்புறம் வார சிஸ்டமெல்லாம் இப்படித்தான் வருது."

2023 டிசம்பரில் தாமிரபரணி ஜங்ஷனுக்குள் புகுந்தது எல்லோருக்கும் தெரியும். நான் இருப்பது பெருமாள்புரத்தில், மாடி வீட்டில். அதைச் சொன்னேன்.

"அதுக்கென்னக்கா, காத்துல ஈரம் இருக்கும்லா" என்றார்.

ஐசி என்றால் மதர்போர்டில் இருக்கும் சவுண்ட் சிப். பிறகு கணக்கு வந்தது. போர்டையே மாற்றினால் ஏழாயிரம் ஆகுமாம். "உங்களுக்காவ ஒரு சவுண்ட் கார்டு போட்டு குறைச்சலா முடிச்சுத் தாரேன்" என்றார். முதலில் பெரிய தொகையைச் சொல்லிக் கிலி பிடிக்க வைத்துவிட்டு, பிறகு சின்னத் தொகையைச் சொல்லித் தயவு காட்டுவது. "ஓஎஸ்ஸைத் தொடாதீங்க, டெஸ்க்டாப்புல வேலை ஃபைல் கெடக்கு" என்று பையன் முன்னாலேயே தெளிவாகச் சொன்னேன். "சரிக்கா, சரிக்கா" என்று இரண்டு பேரும் தலையாட்டினார்கள்.

திரும்ப வாங்கும்போது சவுண்ட் கார்டு 1,850, ஓஎஸ் (விண்டோஸ்) 900, ஆன்டிவைரஸ் 350, செக்கிங் 350 என்றார்கள். ஓஎஸ் ஏன் போட்டீர்கள் என்றால், "கார்டு பிடிக்கல, அதான் போட வேண்டியதாப் போச்சு" என்றான் பையன். டெஸ்க்டாப் திரையில் வைத்திருந்த ஃபைலெல்லாம் போயிருந்தது. அவை இருந்த சி டிரைவ் எஸ்எஸ்டி, அதாவது சிப்பில் சேமிக்கிற புது வகை டிஸ்க். ஃபார்மட் செய்த எஸ்எஸ்டியிலிருந்து ஃபைலை மீட்பது பழைய ஹார்டு டிஸ்க் மாதிரி இல்லை, அநேகமாக நடக்காது. டி டிரைவில் இருந்தது மட்டும் தப்பியது. அனுப்பியவர்களிடமே ஒலிப்பதிவைத் திரும்பக் கேட்டு வாங்க வேண்டியதாயிற்று. பாதி டைப் அடித்து வைத்திருந்ததை முதலிலிருந்து அடித்தேன்.

வீட்டுக்கு வந்து சிபியூவின் பின்புறம் பார்த்தேன். 'சவுண்ட் கார்டு' என்று 1,850 வாங்கியது பெருவிரல் அளவுக்கு ஒரு யூஎஸ்பி துண்டு. இருநூறு ரூபாய்க்குள் கிடைக்கிற சாமான். கீழே போர்டிலேயே இருக்கும், ஸ்பீக்கரும் ஹெட்போனும் மாட்டுகிற பச்சைத் துளையின் மேல் கறுப்பு இன்சுலேஷன் டேப்பைச் சதுரமாக வெட்டி ஒட்டியிருந்தார்கள். செத்த துளைக்கு எதற்கு டேப்? அப்போதே மனசில் இடித்தது. யூஎஸ்பி துண்டில் ஹெட்போனை மாட்டினால் பேச்சுக்குப் பின்னால் உஸ்ஸென்று ஓயாத இரைச்சல். போதாக்குறைக்கு, டிரைவர் (சாதனங்களை விண்டோஸோடு பேச வைக்கும் சாஃப்ட்வேர்) எல்லாம் பழசாகிவிட்டது, பணம் கட்டினால் புதுப்பித்துத் தருகிறோம் என்று ஒரு சாஃப்ட்வேர் பத்து நிமிஷத்துக்கு ஒரு தரம் எட்டிப் பார்த்தது. அதையும் அவர்கள்தான் ஏற்றியிருந்தார்கள். சவத்த!

வள்ளியூர்ப் பக்கம் ஒரு காலேஜில் கம்ப்யூட்டர் லேப் பார்த்துக்கொள்கிற என் சித்தி மகன் ஞாயிற்றுக்கிழமை வந்தான். பழைய போட்டோவைக் காட்டினேன். பார்த்த உடனேயே, "யக்கா, பேரே காட்டுதே, இது செத்த சிப்பு மாதிரி தெரியலையே" என்றான்.

அவன் சொன்னதுதான் இந்தப் பதிவில் முக்கியமானது. சிஸ்டம் ஆன் ஆகும்போது போர்டில் இருக்கும் சவுண்ட் சிப் தன் அடையாள எண்ணைச் சொல்கிறது. ரியல்டெக் சிப் என்றால் 'விஇஎன்_10இசி' என்று வரும். அந்த எண்ணை வைத்துத்தான் டிவைஸ் மேனேஜரில் அதன் பெயர் வருகிறது. பெயர் வந்து மஞ்சள் குறியும் இருந்தால், சிப் கூப்பிட்ட குரலுக்குப் பதில் சொல்கிறது, டிரைவர்தான் குழம்பியிருக்கிறது என்றுதான் பெரும்பாலும் அர்த்தம். மின்னல் இறங்கி சிப் உண்மையிலேயே போவதும் உண்டு. அப்படிப் போனால் அநேகமாகப் பெயரே வராது.

இப்போது என் சிஸ்டத்தில் அந்தப் பெயர் இல்லை. மஞ்சள் குறியும் இல்லை. யூஎஸ்பி துண்டின் பெயர் மட்டும்தான். ரீஸ்டார்ட் செய்து டெலீட் கீயைத் தட்டி, விண்டோஸ் எழும் முன் வருகிற போர்டின் செட்டிங் பக்கமான பயாஸுக்குள் போனான். போர்டோடு வரும் சாதனங்களின் பட்டியலில் 'ஹெச்டி ஆடியோ கன்ட்ரோலர்' என்ற வரி. எதிரே 'டிஸேபிள்டு', அதாவது அணைத்து வைத்திருக்கிறது.

அது தானாக அணைந்துகொள்ளாது. போர்டில் இருக்கிற காசு வடிவ பேட்டரி தீர்ந்து செட்டிங் எல்லாம் அழிந்தாலும், பழையபடி 'எனேபிள்டு' என்றுதான் வந்து நிற்கும். கடைக்குப் போகும் முன் பெயர் வந்ததற்குப் போட்டோ இருக்கிறது. அதனால் அணைத்தது யார் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. எனேபிள் செய்து, எஃப்10 அழுத்திச் சேமித்து, டேப்பை உரித்துப் பச்சைத் துளையில் ஹெட்போனைச் செருகினான். விண்டோஸ் தன்னிடம் இருக்கிற பொது டிரைவரைத் தானே போட்டுக்கொண்டது. சத்தம் வந்துவிட்டது. பிறகு போர்டின் மாடல் எண்ணைப் பார்த்து, அந்தக் கம்பெனியின் தளத்திலிருந்தே சரியான டிரைவரை இறக்கிப் போட்டான். ஸ்க்ரூ டிரைவரை எடுக்கவே இல்லை.

ஓஎஸ் கதை தனி. என்னுடையது சிஸ்டத்தோடு வந்த ஹோம் எடிஷன், லைசென்ஸ் உள்ளது. அதே போர்டில் அதே எடிஷனை மறுபடி போட்டு நெட்டில் இணைத்தால் தானாகவே ஆக்டிவேட் ஆகிவிடும், பைசா செலவில்லை. கடைக்காரர்கள் போட்டது ப்ரோ எடிஷன், கிராக் செய்தது, அதாவது லைசென்ஸ் இல்லாமல் திருட்டுத்தனமாக ஓட வைத்தது. கிராக் பிடிபடாமல் இருக்க, விண்டோஸோடு வரும் வைரஸ் தடுப்பான டிஃபெண்டரை அணைத்து வைத்திருந்தார்கள். பிறத்தியாரின் பேட்டிகளும் கூட்டப் பேச்சுகளும் இருக்கிற சிஸ்டம், நான் பேங்க் வேலை பார்க்கிற சிஸ்டம், கதவைத் திறந்துபோட்டுக் கொடுத்திருக்கிறார்கள். 350 வாங்கின ஆன்டிவைரஸ் ஒரு மாதத்துக்கு இலவசமாகக் கிடைக்கிற டிரையல். அத்தனையையும் துடைத்து ஹோம் எடிஷனையே மறுபடி போட்டோம். ரேமையும் ஹார்டு டிஸ்கையும் மாற்றவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். பல கடைகளில் அதுவும் நடக்கிறது.

கடைக்குப் போய்க் கேட்டேன்.

"என்னக்கா சொல்லுதிய? நாங்க ஏன் ஆஃப் பண்ணப் போறோம்? அதைப் பாத்த பய இப்ப வேலையில இல்ல."

அந்தப் பையன் அப்போது உள்ளே உட்கார்ந்து ஒரு லேப்டாப்பைக் கழற்றிக்கொண்டிருந்தான்.

பில் கேட்டதற்கு விசிட்டிங் கார்டின் பின்பக்கம் 'சிஸ்டம் சர்வீஸ் 3450' என்று பேனாவால் எழுதிக் கொடுத்தார். நான் பணம் அனுப்பியதோ வேறொருவர் பெயரில் இருக்கும் ஜிபே எண்ணுக்கு. போனை எடுத்து தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழுத்தத் தொடங்கினேன். "இருங்கக்கா, எதுக்கு இதெல்லாம்" என்று ஆயிரம் ரூபாயைத் திருப்பி அனுப்பினார். மீதியைக் கேட்டால், ஓஎஸ் போட்ட உழைப்பு இருக்கிறதாம்.

சவுண்ட் நின்றால் கடைக்குப் போகும் முன் நீங்களே பார்க்கக்கூடியவை சில உண்டு. மானிட்டரை ஹெச்டிஎம்ஐ வயரில் மாட்டியிருந்தால் விண்டோஸ் சத்தத்தை மானிட்டருக்கு அனுப்பிவிட்டுச் சும்மா இருக்கும், அந்த மானிட்டரில் ஸ்பீக்கரே இருக்காது. எங்கள் எதிர்வீட்டு மைனி இதற்காகவே ஒரு மாதம் யூடியூபை ஊமைப்படமாகப் பார்த்தார். ஸ்பீக்கர் படத்தைக் கிளிக் செய்து அவுட்புட்டை மாற்றினால் முடிந்தது. ஸ்பீக்கர் வயர் பின்னால் பச்சைத் துளையில் இருக்க வேண்டும், இளஞ்சிவப்பு மைக்குக்கானது. முன்பக்கத் துளையில் மட்டும் சத்தம் இல்லையென்றால் உள்ளே போர்டுக்கு வரும் சின்ன வயர் கழன்றிருக்கலாம். மஞ்சள் குறி இருந்தால் அந்தப் பெயரில் ரைட் கிளிக் செய்து, டிரைவரையும் சேர்த்து அன்இன்ஸ்டால் செய்துவிட்டு ரீஸ்டார்ட் செய்யுங்கள், பலருக்கு அதிலேயே சரியாகிவிடும். சிப்தான் போய்விட்டது என்று யாராவது சாதித்தால், உபுண்டு (விண்டோஸ் மாதிரி இன்னொரு ஓஎஸ், இலவசம்) ஏற்றிய பென் டிரைவிலிருந்து சிஸ்டத்தை ஆன் செய்து பாருங்கள். எதையும் இன்ஸ்டால் செய்யத் தேவையில்லை. அதில் சத்தம் வந்தால் சிப் நன்றாக இருக்கிறது. டிரைவரை நெட்டில் தேடும்போது மேலே விளம்பரமாக வரும் 'டிரைவர் அப்டேட்டர்' எதையும் தொட வேண்டாம்.

கடைக்குத்தான் போக வேண்டுமென்றால் டிவைஸ் மேனேஜரைப் படம் எடுத்துக்கொண்டு போங்கள். முடிந்தால் டிஸ்கைக் கழற்றி வீட்டில் வைத்துவிடுங்கள். பில் தரமாட்டேன் என்பது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிக நடைமுறை, அதைக் கடையிலேயே சொல்லலாம்.

1915-இல் என் புகார் பதிவாகி எண் வந்திருக்கிறது. அதில் தீரவில்லையென்றால் நெல்லை மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் போடப் போகிறேன். ஐந்து லட்சம் வரைக்கும் கட்டணம் இல்லை, வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை, இரண்டு வருஷத்துக்குள் போட்டால் போதும். புகார் நடப்பதால் கடைப் பெயரை இங்கே எழுதவில்லை. இதே பக்கத்தில் "ஐசி போயிட்டு" என்று கேட்டு, யூஎஸ்பி துண்டுக்கு ஆயிரக்கணக்கில் கொடுத்தவர்கள் வேறு யாராவது இருந்தால், அந்தத் துண்டின் படத்தையும் பணம் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டையும் எனக்குத் தனியாக அனுப்புங்கள். மனுவோடு சேர்க்க முடியுமா என்று கேட்டுச் சொல்கிறேன்.