முலாம், வெள்ளி, பழசு: எந்த நாணயத்துக்கு உண்மையில் விலை உண்டு?

வெல்வெட் பெட்டி, எண் போட்ட சான்றிதழ், "24 காரட் தங்க முலாம்" என்ற வாசகம். இப்படி ஒரு நாணயம் கைக்கு வந்தால் பெட்டியை ஓரமாக வைத்துவிட்டு நாணயத்தை மட்டும் பாருங்கள். மறுபடி விற்கப் போகும்போது வாங்குபவரும் அதைத்தான் செய்வார்.

முதலில் முலாம். 40 மில்லிமீட்டர் விட்டமுள்ள நாணயத்தின் இரு முகமும் விளிம்பும் சேர்ந்து சுமார் 29 சதுர சென்டிமீட்டர். அதன்மேல் 0.1 மைக்ரான் கனத்துக்குத் தங்கம் பூசினால் மொத்தத் தங்கம் ஆறு மில்லிகிராம்கூடத் தேறாது. 24 காரட் என்பது பூச்சின் தூய்மையைச் சொல்கிறது, அளவை அல்ல. அதைப் பிரித்தெடுக்கும் செலவுக்கே கட்டுப்படியாகாது. இன்னொரு கொடுமை, நல்ல நாணயத்தின்மேலேயே முலாம் பூசி விற்பது. அமெரிக்கா 1999 முதல் 2008 வரை வெளியிட்ட மாநில கால் டாலர்கள் பலவற்றைத் தனியார் விற்பனையாளர்கள் இப்படிப் பளபளப்பாக்கினார்கள். சேகரிப்பாளர் கண்ணுக்கு அது மேற்பரப்பு கெட்டுப்போன நாணயம். மிஞ்சுவது 25 சென்ட் முகமதிப்பு மட்டுமே.

முதலீடு என்றால் என் ஓட்டு அமெரிக்க அரசு வெளியிடும் சில்வர் ஈகிள் போன்ற வெள்ளி நாணயங்களுக்குத்தான். 31.1 கிராம், அதாவது ஒரு டிராய் அவுன்ஸ் வெள்ளி; அன்றைய சந்தை விலையை வைத்து யாரும் மதிப்பிட்டுவிடலாம். எடையும் விட்டமும் பொருந்துகிறதா, காந்தத்தில் ஒட்டாமல் இருக்கிறதா என்று பார்த்தால் மட்டமான போலிகள் அப்போதே மாட்டிக்கொள்ளும்.

நினைவு நாணயங்கள் இரண்டுக்கும் நடுவில். வெள்ளியில் அடித்தது என்றால் உலோக மதிப்பாவது நிற்கும். ஆனால் "வரையறுக்கப்பட்ட பதிப்பு" என்பதற்காகக் கூடுதலாகக் கொடுக்காதீர்கள். குறைவாக அடித்தாலும், தேடுபவர் அதைவிடக் குறைவு என்றால் விலை ஏறாது.

எனக்குப் பிடித்தது பழைய புழக்க நாணயங்கள். 1964 வரை தேதியிட்ட அமெரிக்கக் கால் டாலரில் 90 சதவீதம் வெள்ளி. பிரிட்டனின் ஷில்லிங்கில் 1919 வரை 92.5, 1920 முதல் 1946 வரை 50 சதவீதம். தேய்ந்து போயிருந்தாலும் வெள்ளி வெள்ளிதான். அப்புறம், இவற்றைத் தேய்த்துப் பளபளப்பாக்க வேண்டவே வேண்டாம். சேகரிப்பாளர் கொடுக்கும் விலை அதிலேயே சரிந்துவிடும்.

பழசிலும் முலாம் ஏமாற்று உண்டு. போர்க்காலத்தில் தாமிரத்தை மிச்சப்படுத்த 1943இல் அமெரிக்க ஒரு சென்ட்டை எஃகில் அடித்தார்கள். தவறுதலாக வெண்கலத்தில் விழுந்த சில, இன்று பெரும் விலை போகின்றன. அதனால் எஃகு சென்ட்டுக்குத் தாமிர முலாம் பூசி விற்பவர்கள் உண்டு. காந்தத்தில் ஒட்டினால் அது எஃகுதான். ஒட்டாவிட்டாலும் உடனே நம்பிவிடாதீர்கள். 1948 சென்ட்டின் எட்டைச் செதுக்கி மூன்றாக்குவதும் நடக்கிறது. பூதக்கண்ணாடி வைத்துக் கடைசி எண்ணின் வளைவைப் பாருங்கள். அதிலும் தேறினால் மட்டும் தரச்சான்று நிறுவனத்துக்கு அனுப்புங்கள்.