கிளிநொச்சியில் "லண்டன் பென்சன் எடுத்துத் தருவோம்" என்று சொல்பவர்களிடம் கவனம்

லண்டனில் வேலை செய்துவிட்டு ஊருக்குத் திரும்பி வந்து இருப்பவர்கள், முக்கியமாகப் பென்சன் வயதை நெருங்கிக்கொண்டு இருப்பவர்கள், இதைக் கொஞ்சம் வாசியுங்கள். கிளிநொச்சி நகரில் ஒரு கந்தோர். விசா, பயணச்சீட்டு, மொழிபெயர்ப்பு என்று பலகை போட்டிருந்தார்கள், பிறகு "வெளிநாட்டுப் பென்சன்" என்றும் ஒரு வரி சேர்த்துவிட்டார்கள். பொலிஸில் முறைப்பாடு கொடுத்திருப்பதால் பெயரை இங்கே போடவில்லை.

நான் இருபத்திச் சொச்சம் வருடம் அங்கே பெற்றோல் ஸ்டேசன், சுப்பர் மார்க்கெட் இரவு வேலை என்று செய்து, அதற்கெல்லாம் என்.ஐ. (சம்பளத்தில் கழிக்கிற தேசியக் காப்புறுதிப் பணம்) கட்டி, பிறகு அக்கராயனுக்கு வந்து வயலைப் பார்க்கத் தொடங்கியவன். 2022 இல் 66 ஆனது, அப்போது பென்சன் வயது அதுதான். பிரித்தானிய அரச பென்சன் தானாக வராது, நாங்கள்தான் கேட்க வேண்டும். வயது வருவதற்குச் சில மாதங்களுக்கு முன் அவர்கள் ஒரு கடிதம் அனுப்புவார்கள், ஆனால் அது அவர்களிடம் பதிந்திருக்கிற முகவரிக்குத்தான் போகும், என்னுடைய பழைய வாடகை வீட்டில் இப்போது யார் இருக்கிறார்களோ. இப்படிக் கடிதம் கிடைக்காமல் நிற்கிற ஆட்களைப் பார்த்துத்தான் இவர்கள் வலை போடுகிறார்கள்.

"ஐயா, நீங்கள் ஒண்டுக்கும் யோசிக்காதேங்கோ. உங்கட ஒழுங்கையில வீட்டு நம்பரும் இல்லை, லண்டன் கடிதம் வந்து சேராது, எங்கட கந்தோர் அட்ரஸைப் போடுவம்" என்றான் அங்கே இருந்த பொடியன். முன்பணம் 75,000 ரூபாய், முதல் வருகிற காசில் பத்து வீதம். பற்றுச்சீட்டில் "ஆலோசனைக் கட்டணம்" என்று மட்டும் எழுதித் தந்தார்கள்.

அந்தக் காசுக்கு அவர்கள் செய்த வேலை ஒரு படிவத்தை நிரப்பியது. அந்தப் படிவம் பிரித்தானிய அரசின் இணையத்தளத்தில் இலவசமாக இருக்கிறது. பென்சன் வயதுக்கு நாலு மாதம் இருக்கும்போதே அனுப்பலாம். வெளிநாட்டில் இருப்பவர்களின் பென்சனைப் பார்ப்பது நியூகாசிலில் இருக்கிற சர்வதேச ஓய்வூதிய நிலையம், அவர்களுக்கு நேரடியாகப் போன் எடுத்தும் கேட்கலாம், ஒரு சதம் கேட்கமாட்டார்கள். உங்களுக்குக் குறைந்தது 10 வருடப் பங்களிப்பு இருக்க வேண்டும், முழுத்தொகைக்கு 35 வருடம் அளவில் தேவை. பிந்திவிட்டது என்று பயப்படுத்துவார்கள், அதையும் நம்பாதீர்கள், 12 மாதம் வரை பின்திகதியிட்டுக் கேட்க வழி இருக்கிறது.

சரி, காசு வரத் தொடங்கியது. "வருசா வருசம் ஏறும் ஐயா" என்று சொல்லியிருந்தான். ஏறவில்லை. ஏறவும் மாட்டாது. பிரித்தானியா இலங்கையில் இருப்பவர்களுக்குப் பென்சனை முதல் கொடுத்த தொகையிலேயே நிறுத்திவிடும். 2022 இல் முழுப் பென்சன் வாரம் 185.15 பவுண்ஸ், 2025 ஏப்ரலில் அது 230.25. அங்கே இருப்பவருக்கு அந்த ஏற்றம் கிடைக்கும், 2022 இல் இங்கே எடுக்கத் தொடங்கியவருக்கு 185.15 அப்படியே நிற்கும். இந்தியா, கனடா, அவுஸ்திரேலியாவில் இருப்பவர்களுக்கும் இதே கதிதான், ஆனால் பிலிப்பைன்ஸில் இருந்தால் ஏறும்! அமெரிக்காவிலும் ஏறும். ஒரே வேலை, ஒரே என்.ஐ., இந்தக் கணக்கில் என்ன நியாயம் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

இதை நான் கேட்கப் போனபோது பொடியன் கூசாமல் அடுத்த வழி சொன்னான். லண்டனில் இருக்கிற சொந்தக்காரர் ஒருவரின் முகவரியைக் கொடுத்து, அங்கேயே இருப்பதாகக் காட்டினால் ஏறுமாம், அதற்கு இன்னொரு 40,000. நான் மாட்டேன் என்றுவிட்டேன். அது பொய்த் தகவல், பிடிபட்டால் மேலதிகமாக எடுத்த காசைத் திருப்பிக் கட்ட வேண்டும், மாட்டுவது நாங்கள், அவன் இல்லை.

பெரிய அடி அதற்குப் பிறகுதான். திடீரென்று காசு நின்றுவிட்டது. கேட்டால் "லண்டனில சிஸ்டம் மாத்துறாங்கள்" என்று இழுத்தடித்தார்கள். கடைசியில் நானே நியூகாசிலுக்குப் போன் எடுத்தேன். உயிரோடு இருப்பதை உறுதிப்படுத்தும் சான்றிதழை எனக்கு அனுப்பியதாகவும், திரும்பி வராததால் பென்சனை நிறுத்தி வைத்ததாகவும் சொன்னார்கள். அனுப்பியது எந்த முகவரிக்கு? கந்தோர் முகவரிக்கு. போய்ச் சத்தம் போட்ட பிறகு லாச்சியில் இருந்து எடுத்துத் தந்தார்கள், உறை ஏற்கெனவே உடைத்திருந்தது. அதை நிரப்ப "புதுப்பிப்புக் கட்டணம்" 25,000, கொழும்பு லோயர்தான் கையெழுத்து வைக்க வேணும் என்று வேறு கதை.

எங்கள் ஊர்ப் பள்ளிக்கூட ஆசிரியர் ஒருவர் சாட்சியாகக் கையெழுத்து வைத்தார், செலவு தபால் முத்திரைக்கு மட்டும். சாட்சி சொந்தக்காரராக இருக்கக் கூடாது, பிரித்தானியக் கடவுச்சீட்டு அவருக்குத் தேவையில்லை, ஆசிரியர், வங்கி அதிகாரி போன்றவர்கள் வைக்கலாம், பட்டியல் விளக்கத்திலேயே இருக்கிறது. அனுப்பிய பிறகு நிலுவையும் சேர்த்து வந்தது. கடிதம் வராது என்ற கதையும் பொய், எங்கள் தபால்காரருக்கு ஒழுங்கையில் எல்லாரையும் பெயர் சொல்லித் தெரியும், பிந்தித்தான் வரும், ஆனால் வரும்.

கனடாக்காரரையும் விடுகிறார்கள் இல்லை. மல்லாவியில் ஒரு அக்கா கனடாவில் 14 வருடம் இருந்துவிட்டு வந்தவ, அவவிடம் முதியோர் பென்சன் எடுத்துத் தருவதாகக் காசு வாங்கியிருக்கிறார்கள். கனடாவுக்கு வெளியே இருந்து அதை எடுக்க, 18 வயதுக்குப் பிறகு 20 வருடமாவது அங்கே வசித்திருக்க வேண்டும். வேலை செய்து கட்டிய சீ.பி.பி. (கனடா பென்சன் திட்டம்) வேறு, அது எங்கே இருந்தாலும் வரும். இரண்டையும் வேண்டுமென்றே குழப்பித்தான் அவவிடம் வாங்கினார்கள்.

அந்தக் கந்தோர் மூலம் விண்ணப்பித்தவர்கள் உடனே நியூகாசிலுக்குப் போன் எடுத்து உங்கள் பெயரில் எந்த முகவரி, எந்த வங்கிக் கணக்கு பதிந்திருக்கிறது என்று கேளுங்கள். வங்கிக் கணக்கில் பெயர் கடவுச்சீட்டில் உள்ளபடியே இருக்கட்டும், எங்கள் ஆட்களுக்கு அப்பாவின் பெயர் ஓரிடத்தில் முழுதாக, இன்னோரிடத்தில் முதலெழுத்தாக இருக்கும், அதைத் திருத்தவும் இவர்கள் தனிக் காசு வாங்குகிறார்கள். மின்னஞ்சலையும் மறக்காமல் கேளுங்கள். என்னுடைய விண்ணப்பத்தில் இருந்தது அந்தப் பொடியனின் மின்னஞ்சல்.