பதினோரு வருட ஜபமாலை: புதுக் கயிறு, பழைய எரிச்சல்

அண்ணன் மகள் சென்னையிலிருந்து போன வாரம் போன் பண்ணினாள். "அத்தை, தினமும் காலையில உக்காந்து ஜபம் பண்ணலாம்னு இருக்கேன். உங்களை மாதிரி ருத்ராட்ச மாலை வாங்கட்டுமா, இல்ல போன்லயே எண்ணுற ஆப் போதுமா?" என்றாள். என் மாலை ஐப்பசி மழையில் ஒரு நாள் காலை அறுந்து, மறுபடி கோர்த்து வாங்கி வந்து நாற்பது நாள் ஆகியிருந்த சமயம் அது. போனில் ஏதோ சொன்னேன். வைத்த பிறகுதான் சொல்ல வேண்டியதெல்லாம் நினைவுக்கு வந்தது. அவளுக்கும், அவளை மாதிரி யோசிக்கிறவர்களுக்கும் சேர்த்து எழுதிவிடுகிறேன்.

மாலை சாதாரணமானதுதான். ஐந்து முகம், 108 மணி, கயிற்றின் இரண்டு முனையும் சேருகிற இடத்தில் தனியாக ஒரு நாயகமணி. 2014 தை மாதம் மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்கு எதிரே புதுமண்டபத்தில் வாங்கினேன். கடைகள் அப்போது மண்டபத்துக்குள்ளேயே இருந்தன. ஒரு பக்கம் தையல் மெஷின் ஓடும், இன்னொரு பக்கம் குங்குமம் மணக்கும், நான் கல்தூணில் சாய்ந்துகொண்டு ஒவ்வொரு மணியாகத் தடவிப் பார்த்து எடுத்தேன். இப்போது அந்தக் கடைகள் குன்னத்தூர் சத்திரத்துக்குப் போய்விட்டன. வாங்கும்போது வெளிறிய மர நிறத்தில் இருந்த மணிகள், கை வியர்வையும் நல்லெண்ணெயும் ஏறிப் பழைய புளி மாதிரி கறுத்துவிட்டன. ஆறு மாதத்துக்கு ஒருமுறை பழைய டூத் பிரஷ்ஷால் இடுக்கில் இருக்கிற அழுக்கைத் தட்டிவிட்டு, விரலில் எண்ணெய் தொட்டுத் தடவி, ஒரு நாள் நிழலில் போடுவேன். சோப்பு காட்டியதே இல்லை. இத்தனை வருடத்தில் ஒரு மணிகூட வெடிக்கவில்லை. பொருளைப் பற்றி எனக்கு ஒரு குறையும் கிடையாது.

குறை நாயகமணி மேல்தான்.

அதைத் தாண்டக்கூடாது, அங்கே வந்ததும் மாலையைத் திருப்பிப் பிடித்து வந்த வழியே போக வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரியும். ஆனால் ஏழரை மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டிய ஒருத்திக்கு அது என்ன செய்யும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. விரல் அதைத் தேட ஆரம்பித்துவிடுகிறது. எழுபது, எழுபத்தைந்து மணி தாண்டியதும் மடியில் கிடக்கிற மிச்சம் குட்டையாகிவிட்டது கைக்குத் தெரிந்துவிடும். கண்ணை மூடியிருந்தாலும் தெரியும். உடனே நாக்கு வேகம் பிடிக்கும். 'ஓம் நமசிவாய'வில் 'ஓம்' தேய்ந்துபோய் 'வாய' மட்டும் மிஞ்சும். ஒரு நாள் சந்தேகம் வந்து கடிகாரத்தை எதிரில் வைத்துப் பார்த்தேன். முதல் 54 மணிக்கு நான்கு நிமிடம். அடுத்த 54-க்கு இரண்டரை நிமிடம். அன்று எனக்கு வந்த வருத்தம் கொஞ்சமல்ல. சாமியிடம் பேசப் போய்விட்டு, பேச்சு எப்போது முடியும் என்று வாசலையே பார்த்துக்கொண்டு எத்தனை வருடம் உட்கார்ந்திருக்கிறேன்!

அதற்குப் பிறகு என்னென்னவோ செய்து பார்த்தேன். மூன்று சுற்றை ஒன்றாக்கினேன். குறைத்தால் குற்றம் ஆகிவிடுமோ என்று மனசு அடித்துக்கொண்டது, ஆனாலும் ஓரளவு பலன் இருந்தது. அதைவிடப் பெரிய பலன் வாயைத் திறந்ததில் வந்தது. சத்தமாகச் சொல்வது வாசிகம், உதடு மட்டும் அசைவது உபாம்சு, உள்ளுக்குள்ளேயே சொல்வது மானசம். மூன்றில் மானசமே உயர்ந்தது என்று பெரியவர்கள் சொல்வார்கள். அதைக் கேட்டுக்கொண்டு முதல் நாளிலிருந்தே மானசத்தில் உட்கார்ந்ததுதான் நான் செய்த தப்பு. உள்ளுக்குள் சொல்லும்போது மந்திரம் ஒரு பக்கம் ஓடும், ஆபீஸ் சம்பளக் கணக்கு ஒரு பக்கம் ஓடும். இரண்டும் ஒன்றையொன்று தொடவே தொடாது. வாய்விட்டுச் சொன்னால் அப்படி நடக்காது. இப்போது முதல் முப்பது நாற்பது மணி என் காதில் விழும்படி சொல்கிறேன். மனசு படிந்ததும் உதட்டுக்கு இறங்குகிறேன். அதற்கு மேல் தானாக உள்ளே போனால் போகட்டும். எங்கள் தெருவில் ஒரு நாள் விட்டு ஒரு நாள் விடிகாலையில் குழாயில் தண்ணீர் வரும். இந்தக் குடச் சத்தத்தில் என்ன தியானம் என்று முன்னெல்லாம் அலுத்துக்கொள்வேன். வாய்விட்டுச் சொல்ல ஆரம்பித்த பிறகு குடம் உருளுகிற சத்தம் அதன்பாட்டுக்குக் கிடக்கிறது.

ஆப்பும் எட்டு மாதம் வைத்திருந்தேன். திரையைத் தொட்டால் எண் ஏறும், 108 ஆனதும் போன் அதிரும். மாலையிலாவது எண் மறைந்திருக்கிறது. இதில் கண்ணுக்கு நேரே ஏறிக்கொண்டே போகிறது. எத்தனை நாள் விடாமல் செய்தேன் என்று வேறு காட்டும். அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்த வாரம் ஒரு நாள் விட்டுப்போனது. மறுநாள் திறந்தால் 0 என்று நிற்கிறது. ராத்திரி முழுக்க அம்மா கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து கூப்பிட்டுக்கொண்டிருந்தேனே, அது எதுவும் அந்தக் கணக்கில் இல்லை. அங்கேயே அழித்துவிட்டேன். இன்னொன்று, மீனாட்சியம்மன் கோயிலுக்குள் 2018-லிருந்து செல்போன் கொண்டுபோக முடியாது. பொற்றாமரைக் குளத்துப் படியில் உட்கார்ந்து சொல்ல வேண்டுமென்றால் மாலை வேண்டும், இல்லையென்றால் விரல் வேண்டும்.

அந்த ஆஸ்பத்திரி ராத்திரியைப் பற்றி இதையும் சொல்ல வேண்டும். மாலை என் கையில்தான் இருந்தது. எண்ணவில்லை, ஒரு மணியைக்கூடத் தள்ளவில்லை. கட்டைவிரலுக்கும் நடுவிரலுக்கும் நடுவில் ஒரே மணியைப் பிடித்தபடி விடியும்வரை இருந்தேன். காலையில் நர்ஸ் வந்து, "அம்மா கண்ணு முழிச்சுட்டாங்க, வாங்க" என்று கூப்பிட்டபோது விரலை எடுத்தால், அந்த மணியின் முகம் சதையில் பதிந்து கோடு கோடாக இருந்தது. என் வாழ்நாளில் நான் செய்த ஜபம் அதுதான் என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

கோயிலின் தெற்குக் கோபுரத்துக்குப் பக்கத்தில், சொக்கப்ப நாயக்கன் தெருவில் ரமண மந்திரம் இருக்கிறது. 1896-ல், பதினாறு வயதில், ரமணர் மரண பயத்தை நேருக்கு நேர் சந்தித்த வீடு. வேலை சீக்கிரம் முடிகிற சனிக்கிழமைகளில் அங்கே போய் உட்காருவேன். காவ்யகண்ட கணபதி முனி என்ற சமஸ்கிருதப் பண்டிதர் எவ்வளவோ ஜபம் செய்தும் தவம் என்பது இன்னதென்று பிடிபடாமல், 1907-ல் திருவண்ணாமலையில் ரமணரிடம் போய்க் கேட்டார். மந்திரம் சொல்லும்போது அந்த ஒலி எங்கிருந்து எழுகிறது என்று பார்த்தால் மனம் அங்கே ஒடுங்கும், அதுவே தவம் என்பது அவருக்குக் கிடைத்த பதில். பல வருடம் முன்பே தெரிந்துகொண்ட விஷயம். எனக்கு அது தலையில் இருந்ததே தவிர, உட்காரும்போது உதவிக்கு வந்ததில்லை. எழுகிற இடத்தைப் பார்க்க எங்கே நேரம்? முடிகிற இடத்தை அல்லவா பார்த்துக்கொண்டிருந்தேன்.

கயிறு அறுந்த பிறகுதான் கொஞ்சம் வழி தெரிந்தது. அறுந்த சத்தம் கேட்கவில்லை, தரையில் மணிகள் கொட்டுகிற சத்தம்தான் கேட்டது. பீரோவுக்கு அடியில் டார்ச் அடித்து, விளக்குமாற்றால் இழுத்து, எவர்சில்வர் தட்டில் போட்டு எண்ணினேன். நாயகமணி போக 107. ஒன்று இன்றுவரை அகப்படவில்லை. கோர்த்து வாங்குகிற வரைக்கும் பதினோரு நாள் விரல் கணுவில் எண்ணினேன். நான்கு விரலில் பன்னிரண்டு கணு, ஒன்பது தடவை வந்தால் 108. ஒன்பதை இடது கை பார்த்துக்கொள்ள வேண்டும். எனக்கு ஐந்தாவதிலேயே குழம்பிவிடும். இரண்டு மூன்று நாள் எரிச்சலோடு முதலிலிருந்து ஆரம்பித்தேன். நான்காம் நாள் விட்டுவிட்டேன். எங்கே முடியும் என்று தெரியாததால் நாக்கு ஓடவில்லை. 'ஓம்' முழுசாக வந்தது. நெஞ்சுக்குழியில் எங்கோ அது கிளம்புகிற இடம் லேசாகத் தட்டுப்பட்டது. சொல்வதை நிறுத்திய பிறகும் ஐந்து நிமிடம் எழுந்திருக்கத் தோன்றவில்லை.

மாலை கோர்க்கும் பெரியவர் அம்மன் சன்னதிப் பக்கம் ஒரு சந்தில் இருக்கிறார். தட்டை வாங்கியதும் ஊசியை விட்டுத் துவாரங்களைத் துழாவிப் பார்த்தார். "நைலான் கயிறு மணி ஓரத்துல தேஞ்சு தேஞ்சு அறுந்திருக்கும்மா. பருத்தி நூல்ல, மணிக்கு மணி முடிச்சுப் போட்டுத் தாரேன். அறுந்தாலும் ஒண்ணுதான் விழும்" என்றார். சரி என்றேன். கொஞ்சம் தயங்கி, நாயகமணி வேண்டாம், வெறும் வளையமாகக் கட்டிக் கொடுங்கள் என்று கேட்டேன். நிமிர்ந்து பார்த்தார்.

"அது இல்லாம நான் கோர்க்கிறதில்ல. திரும்புற இடம்னு ஒண்ணு வேணும்ல."

விரல் ஓடுவதைச் சொன்னேன். கடிகாரம் வைத்துப் பார்த்ததைக்கூடச் சொன்னேன். ஊசியில் நூலைக் கோர்த்துக்கொண்டே கேட்டவர், "பைய எண்ணுங்கம்மா" என்றார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. கூலி 200 ரூபாய். காணாமல் போன மணிக்குப் பதில் ஒன்று அவரே போட்டுக் கொடுத்தார். கறுத்த மணிகளுக்கு நடுவில் அது மட்டும் வெளுத்துத் தெரிகிறது.

முடிச்சு நல்ல வேலை செய்கிறது. முன்பு இரண்டு மணி சேர்ந்து நழுவும், கணக்கு தப்பும். இப்போது கட்டைவிரல் ஒவ்வொரு முடிச்சிலும் ஏறி இறங்கித்தான் அடுத்த மணிக்குப் போக முடியும். கடிகாரம் வைத்து மறுபடி பார்த்தேன், முதல் பாதி நான்கு, இரண்டாம் பாதி மூன்றரை. ஆனால் மணியும் மணியும் இடிக்கிற சின்னச் சத்தம் போய்விட்டது. இருந்தபோது அதை நான் கவனித்ததே இல்லை, இப்போது தேடுகிறேன். மாலையும் ஒரு சாண் நீண்டுவிட்டதால் பழைய பைக்குள் போக மறுக்கிறது.

பெரியவர் சொன்ன திரும்புகிற இடத்தைப் பற்றி நியாயமாக ஒன்று சொல்லிவிட வேண்டும். நாயகமணியில் நின்று, மாலையை விரலுக்குள் திருப்புகிற இரண்டு விநாடி நாக்குக்கு வேலை இல்லை. சில நாள் அந்த இரண்டு விநாடி அப்படியே அகன்று நின்றுவிடும், திருப்பிய மாலை கையில் கிடக்கும். இத்தனை வருடத்தில் இருபது தடவை வந்திருந்தால் அதிகம். அதற்காக மற்ற நாளெல்லாம் நான் ஓடிய ஓட்டத்தை மன்னிக்க எனக்கு மனசு வரவில்லை. இன்று காலைகூடத் தொண்ணூறைத் தாண்டியதும் விரல் ஓடியது, முடிச்சு தடுத்தும் ஓடியது.

அதனால் கண்ணு, உனக்கு என் பதில், மாலை வாங்காதே. ஆப்பும் வேண்டாம். ஒரு மண்டலம் விரல் கணுவில் எண்ணு, குழம்பினால் குழம்பட்டும், வாய்விட்டுச் சொல். முடித்ததும் உடனே எழுந்திருக்காதே. என் மாலையை நான் யாருக்கும் தரமாட்டேன், நாளைக் காலையும் அதோடுதான் உட்காருவேன். சித்திரைத் திருவிழாவுக்கு வருகிறேன் என்றாயே, அப்போதும் வேண்டுமென்று தோன்றினால் பெரியவரிடம் கூட்டிப்போகிறேன். நாயகமணியைப் பற்றி நீயே அவரிடம் கேள்.